அஃறிணையின் முகம்: விலங்கையும் பொருளையும் மனிதராக்கிய கண்காட்சிகள்

சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே தொல்காப்பியர் உலகத்தை இரண்டாகப் பகுத்துவிடுகிறார். மக்கள் உயர்திணை, ஏனைய யாவும் அஃறிணை. யானையும் எறும்பும், மலையும் மண்பானையும் இலக்கணத்தில் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் அதே சொல்லதிகாரம் முடியும் எச்சவியலில், கேளாதவற்றைக் கேட்பவையாகவும் பேசாதவற்றைப் பேசுபவையாகவும் வைத்துரைக்கும் வழக்குக்கு அவரே இடம் தந்திருக்கிறார். வேலி கட்டியவரே அதில் ஒரு வாயிலையும் வைத்தார். அந்த வாயில் வழியாகத்தான் கவிஞர்கள் இன்றுவரை போய்வந்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வழக்கின் ஒரு வகைக்குத் தண்டியலங்காரம் தற்குறிப்பேற்றம் என்று பெயரிட்டது. அசையும் பொருள், அசையாப் பொருள் ஆகிய இரண்டின்மேலும் அது நிகழும் என்றும் வகுத்தது. நாமெல்லாம் பள்ளிப் பருவத்திலேயே அறிந்த எடுத்துக்காட்டு மதுரைக் கோட்டைக் கொடிகள். கோவலனும் கண்ணகியும் நகரை நெருங்கும்போது, வரவேண்டாமென்று தடுப்பவை போல அக்கொடிகள் அசைந்தன என்கிறார் இளங்கோவடிகள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றில் அசைவது கொடியின் இயல்பு. கொடி அந்த இயல்பிலிருந்து இம்மியும் விலகவில்லை. அசைவுக்கு ஒரு காரணத்தை மட்டுமே கவிஞர் ஏற்றினார். கொடி கொடியாகவே இருந்தது.

ஏற்றப்பட்ட பின்னும் அந்தப் பொருள் தானாகவே இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, விலங்குகளிலும் பொருள்களிலும் மனித இயல்பைக் காட்ட முயன்ற சில கண்காட்சிகளின் வரலாற்றைப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். களம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. முடிவில் சற்றே ஜப்பான். இடம் அயலதாயினும் கேள்வி நம்முடையதே.

1. ஜென்னியும் ஆப்பிளும்

1837ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லண்டன் விலங்கியல் தோட்டத்துக்கு ஓர் ஒராங்குட்டான் வந்து சேர்ந்தது. ஜென்னி என்று பெயரிட்டார்கள். குளிர் தாங்காத உயிர் என்பதால் ஒட்டகச்சிவிங்கிகளுக்காக வெப்பமூட்டப்பட்ட கட்டடத்திலேயே அதற்கும் இடம் கிடைத்தது. அதற்குச் சட்டை அணிவித்து, நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டினார்கள். பார்வையாளர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

1838 மார்ச்சில் அதைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். அப்போது அவருக்கு வயது 29. பீகிள் கப்பல் பயணத்திலிருந்து திரும்பி இரண்டாண்டுகூட நிறையவில்லை. காப்பாளர் ஓர் ஆப்பிளைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். ஜென்னி மல்லாந்து விழுந்து, கால்களை உதைத்து, அடம்பிடிக்கும் குழந்தையைப் போல அழுதது. அழுகையை நிறுத்தினால் தருவதாகக் காப்பாளர் சொன்னார். அதற்கு அது விளங்கியது. அடங்கியது, ஆப்பிளைப் பெற்றது, நாற்காலியில் தாவி ஏறி நிறைந்த முகத்தோடு தின்றது. இதைத் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் விவரித்திருக்கிறார். பின்னர் அதன்முன் கண்ணாடியை வைத்தும் அவர் கவனித்தார்.

ஜென்னி 1839இல் இறந்தது. அதற்குப்பின் வந்த மற்றோர் ஒராங்குட்டானுக்கும் அதே பெயரை வைத்தார்கள். 1842இல் அதைப் பார்த்த விக்டோரியா அரசியார், மனிதரை அத்தனை ஒத்திருப்பது தமக்கு வேதனையும் அருவருப்பும் தந்ததாக நாட்குறிப்பில் எழுதினார். ஏறத்தாழ ஒரே காட்சியைக் கண்ட இருவரில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவர் இன்னும் அருகே போனார். டார்வின் கண்ட மனித இயல்பு சட்டையிலோ நாற்காலியிலோ இல்லை. ஆப்பிள் கிடைக்காதபோது எழுந்த அழுகையில் இருந்தது. சட்டை காட்சிக்கு வைத்தவர்கள் போட்டது. அழுகை ஜென்னியுடையது.

34 ஆண்டுகள் கழித்து, 1872இல், மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் விதம் பற்றிய அவருடைய நூல் வந்தது. அதற்காக ஜோசப் வுல்ஃப் குரங்குகளை உயிருடன் பார்த்து வரைந்தார். பிரிட்டன் ரிவியர் நாய்களை வரைந்தார். பகையோடு நெருங்கும் நாய் உடலை நிமிர்த்தி, மயிரைச் சிலிர்த்து, வாலை விறைப்பாக வைத்திருக்கிறது. அன்போடு குழைகிற நாய்க்கு எல்லாமே எதிர்மாறு: உடல் தாழ்ந்து வளைகிறது, வால் இறங்கி ஆடுகிறது. ஏற்றிச் சொல்வதற்கு அங்கே எதுவுமில்லை. கண்டு சொல்வதற்கே இருந்தது.

2. தலைமைத் துக்கக்காரன்

ஜென்னி லண்டனுக்கு வந்த அதே 1837இல் ராயல் அகாதெமியின் ஆண்டுக் கண்காட்சியில் ஓர் ஓவியம் வைக்கப்பட்டது. எட்வின் லான்ட்ஸீர் (1802–1873) வரைந்தது. 'முதிய இடையனின் தலைமைத் துக்கக்காரன்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஓர் எளிய குடிசை. போர்வை போர்த்திய சவப்பெட்டி. இறந்தவரின் கைத்தடி, தொப்பி, வேதப் புத்தகம், மூக்குக் கண்ணாடி. சுற்றத்தார் ஒருவரும் இல்லை. ஒரு நாய் மட்டும் சவப்பெட்டியின் மரத்தோடு நெஞ்சை அழுத்தி, போர்வைமேல் தலையைச் சாய்த்திருக்கிறது.

1843இல் வெளிவந்த 'நவீன ஓவியர்கள்' முதல் தொகுதியில் ஜான் ரஸ்கின் இந்த ஓவியத்தை விரிவாகப் பாராட்டினார். ஓவியத்தின் நுணுக்கமெல்லாம் எண்ணத்தைச் சொல்லும் மொழியாகியிருப்பதே அவர் கண்ட பெருமை. நம் நோக்கில் ஒன்றைச் சேர்க்கலாம். அந்த நாய் கண்ணீர் விடவில்லை, கைகூப்பவில்லை, கறுப்புத் துணி கட்டவில்லை. தனக்குரியவர் கிடக்கும் இடத்தில் தலைசாய்ப்பது எந்த நாயும் செய்யக்கூடியது. 'துக்கக்காரன்' என்ற சொல் தலைப்பில்தான் இருக்கிறது. மதுரைக் கொடிக்கு இளங்கோ செய்ததை நாய்க்கு லான்ட்ஸீர் செய்தார்.

ஆயினும் அவரிடமே மற்றொரு வழியும் இருந்தது. 1840இல் அவர் காட்சிக்கு வைத்த ஓவியத்தில் வெள்ளைச் சடை நாயொன்று நீதிபதியாக வீற்றிருக்கிறது. திறந்த புத்தகத்தின்மேல் முன்னங்காலை வைத்திருக்கிறது. சுற்றிலும் வழக்காடுமன்றத்தார் போலப் பல நாய்கள். தொங்கும் சடைக் காதுகள் நீதிபதியின் பொய்முடியைப் போலவே தோன்றுவதுதான் நகைச்சுவை. இங்கே நாய் துக்கப்படவில்லை, மகிழவில்லை, நாயாக எதையும் செய்யவில்லை. நீதிபதிகளைக் கேலி செய்ய அது ஒரு முகமூடி. அங்கதத்துக்கு முகமூடி வேண்டியதே. பஞ்சதந்திரத்து நரிகளும் அப்படிப்பட்டவையே. எனவே இதைக் குற்றம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு வழிகளும் வேறு என்று குறித்துக்கொண்டால் போதும். முதல் ஓவியத்தைப் பார்த்து முடித்தவன் நாயை நினைக்கிறான். இரண்டாவதைப் பார்த்து முடித்தவன் நீதிபதியை நினைக்கிறான்.

3. பளிங்கு மாளிகையில் முயல்களின் பள்ளி

1851 மே முதல் நாள் லண்டன் ஹைட் பூங்காவில் உலகப் பெருங்கண்காட்சி திறக்கப்பட்டது. ஜோசப் பாக்ஸ்டன் இரும்பாலும் கண்ணாடியாலும் அமைத்த பளிங்கு மாளிகையில் அக்டோபர் வரை அது நடந்தது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. நீராவி எந்திரங்களும் கோகினூர் வைரமும் இருந்த அந்தக் கூடத்தில் மக்கள் திரண்டு நின்று சிரித்த இடம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த ஹெர்மன் ப்ளூக்கே என்பவர் பாடம் செய்து அனுப்பியிருந்த விலங்குகள்தாம் அவை.

விலங்குகளைப் பாடம் செய்யும் கலை அதற்குமுன் அறிவியலுக்கும் வேட்டைப் பெருமைக்கும் பயன்பட்டுவந்தது. ப்ளூக்கே அதை நாடகமாக்கினார். பூனைக்குட்டிகள் தேநீர் விருந்தில் அமர்ந்தன. முயல்குட்டிகள் கணக்குப் படித்தன. கௌல்பாக் என்ற ஓவியர் கெதேயின் நரிக்காவியத்துக்கு வரைந்த படங்களைப் பின்பற்றி, நரியின் சூழ்ச்சிகளும் காட்சி காட்சியாக நின்றன. விக்டோரியா அரசியாரும் பார்த்து வியந்தார். அவ்வாண்டே அக்காட்சிகளின் படங்களைக் கொண்ட புத்தகமும் லண்டனில் வெளியாயிற்று. உயிருள்ள ஒராங்குட்டான் மனிதரை ஒத்திருந்தபோது வருந்திய அரசியார், உயிரற்ற விலங்குகள் மனிதரை ஒத்திருந்தபோது மகிழ்ந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. உயிருள்ளது திரும்பிப் பார்க்கும். பாடம் செய்யப்பட்டது பார்க்காது.

அதே மாளிகையின் இந்தியப் பகுதியில் மற்றொரு வேடமும் நடந்தது. அம்பாரியைக் காட்சிக்கு வைக்க ஒரு யானை தேவைப்பட்டது. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துச் சிற்றூர் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து பாடம் செய்த யானையை இரவல் வாங்கி, அதன்மேல் அம்பாரியை ஏற்றினார்கள். அந்த யானை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் நாட்டு யானையின் காதையும் முதுகையும் அறிந்த எவரும் கண்டுபிடித்துவிடக்கூடிய பிழை அது. ஆனால் பார்த்தவர்கள் பார்த்தது யானையை அன்று, அம்பாரியை. ஏற்றப்பட்டது பெரிதாகும்போது தாங்கி நிற்பது மறைந்துபோகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா?

4. பிராம்பர் ஊர்ப் பூனைக்குட்டிகள்

பாடம் செய்த விலங்குகளின் நாடகத்தை ஒருவர் வாழ்நாள் பணியாகவே ஆக்கிக்கொண்டார். சஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் பிராம்பர் என்னும் சிற்றூரில் விடுதி நடத்தியவரின் மகன் வால்டர் பாட்டர் (1835–1918). தாம் வளர்த்த மஞ்சள் குருவி இறந்தபோது அதைப் பாடம் செய்து பழகியவர் என்பர். உடன்பிறந்தாளின் படப்புத்தகத்திலிருந்து ஒரு குழந்தைப் பாடலை எடுத்துக்கொண்டு, ராபின் குருவியின் இறுதி ஊர்வலத்தைத் தம் 19ஆம் வயதில் அமைக்கத் தொடங்கினார். முடிக்க ஏழாண்டுகள் ஆயின. 1861இல் தந்தையின் விடுதித் தோட்டத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார். அதில் இங்கிலாந்துப் பறவையினங்கள் 98 இடம்பெற்றிருந்தன.

கூட்டம் வந்தது. 1880இல் தனிக் கட்டடமே எழுந்தது. முயல்களின் கிராமப் பள்ளியில் 48 முயல்குட்டிகள் வரிசையாக அமர்ந்து பாடம் படித்தன. அணில்கள் மன்றத்தில் சீட்டாடின. கினிப்பன்றிகள் கிரிக்கெட் ஆடின. 1890ஆம் ஆண்டையொட்டி உருவான பூனைக்குட்டிகளின் திருமணத்தில் 20 பூனைக்குட்டிகள். ஆணுக்குக் கோட்டு, பெண்ணுக்குச் சரிகைப் பாவாடை, நகை, மோதிரம், குருவானவர். அந்த அருங்காட்சியகத்தார் எந்த உயிரும் காட்சிக்கென்று கொல்லப்படவில்லை என்று சொல்லிவந்தார்கள். பண்ணைகளில் வளர்க்க ஆளில்லாமல் மிஞ்சிய குட்டிகளும், நோயில் இறந்தவையும் அவரிடம் வந்தன என்பர். அக்காலக் கிராமத்தில் மிகையான பூனைக்குட்டிகளின் கதி என்ன என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே பாட்டரைக் கொடியவர் என்று சொல்வது எளிது, நியாயமாகாது. ஏழாண்டு பொறுமையும் குழந்தைகளை மகிழ்விக்கும் ஆசையும் உடைய மனிதர் அவர்.

ஆனாலும் அந்தக் கல்யாணக் காட்சியின் படத்தைப் பார்க்கும்போது மனத்தில் ஏதோ தைக்கிறது. காரணம் சாவு மட்டும் அன்று. அந்த இருபதில் ஒன்றுகூடப் பூனையாக இல்லை. பூனை நிற்கும் விதம் இல்லை. முதுகு வளையும் விதம் இல்லை. எதையோ கேட்டு ஒரு காது மட்டும் திரும்பும் விதம் இல்லை. இரண்டு காலில் நிமிர்ந்து, நேரே நோக்கும் கண்ணாடிக் கண்களோடு, சபையில் அடங்கி நிற்கின்றன. மனிதத் திருமணத்தைப் பற்றியேனும் அவை புதிதாக எதையாவது சொல்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. பூனையும் போயிற்று, மனிதனும் வரவில்லை.

பாட்டருக்குப் பின் அத்தொகுப்பு பிராம்பரைவிட்டு வேறிடங்களுக்குப் பெயர்ந்தது. கடைசியில் கார்ன்வாலில் ஒரு பழைய விடுதியில் தங்கியது. 2003 செப்டம்பரில் ஏலத்தில் சிதறியது. ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. ராபின் ஊர்வலம் 23,500 பவுண்டுக்கும், பூனைத் திருமணம் 21,150 பவுண்டுக்கும் போயின. சிதறாமல் காக்கப் பத்து லட்சம் பவுண்டு தர முன்வந்ததாக டேமியன் ஹர்ஸ்ட் என்ற கலைஞர் எழுதினார். 2010இல் லண்டனில் பீட்டர் பிளேக்கின் பங்கேற்போடு நடந்த கண்காட்சியில் சில துண்டுகள் மீண்டும் ஒன்றுகூடின. இம்முறை வந்தவர்கள் பூனைகளைப் பார்க்க வரவில்லை. பூனைகளுக்குப் பாவாடை தைத்த காலத்தைப் பார்க்க வந்தார்கள்.

5. தவளையும் வீணையும்

ஆடை உடுத்தியதுதான் குற்றமா? இல்லை என்பதற்கு ஜப்பானில் விடை இருக்கிறது. கியோட்டோவின் கோஸான்-ஜி கோயிலுக்கு உரிய, 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த நான்கு சுருள் ஓவியங்கள் உள்ளன. சோஜூ கிகா என்று அவற்றை அழைப்பர். விளக்கச் சொல் ஒன்றுகூட இல்லை. வெறும் கறுப்பு மையும் தாளும். புகழ்பெற்ற முதல் சுருளின் நீளம் 11 மீட்டருக்கு மேல். முயல்களும் தவளைகளும் ஆற்றில் குளிக்கின்றன, வில்லெறிகின்றன, மற்போர் புரிகின்றன. தவளை முயலின் காதைக் கடிக்கிறது. புத்தராக அமர்ந்திருக்கும் தவளைக்கு முன்னால், துறவியாடை அணிந்த குரங்கு வழிபாடு நடத்துகிறது. 2021இல் டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் நான்கு சுருள்களையும் முழுமையாக விரித்துக் காட்டியது. முதல் சுருளுக்கு முன் நகரும் நடைமேடையே அமைத்திருந்தார்கள்.

அங்கேயும் கேலி உண்டு. துறவியைக் குரங்காக்கியது சாதாரணக் கேலி அன்று. ஆயினும் அத்தவளையின் தொடையில் தவளையின் பாய்ச்சல் இருக்கிறது. முயலின் முதுகில் முயலின் துள்ளல் இருக்கிறது. வரைந்தவர் குளக்கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆடை மனிதருடையது, அசைவு விலங்கினுடையது. அதனால்தான் 800 ஆண்டுகளுக்குப் பின்னும் அவை உயிரோடிருக்கின்றன.

விலங்கைவிடக் கடினமானது உயிரற்ற பொருள். ஜப்பானியர் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார்கள். நூறாண்டு பயன்பட்ட பொருளுக்கு உயிர் வந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. ஆண்டிறுதித் துப்புரவில் வீதியில் எறியப்பட்ட பழம்பொருள்கள், இத்தனை காலம் உழைத்தும் இப்படிச் செய்தார்களே என்று சினந்து பூதங்களாகி மனிதரைத் தாக்குகின்றன. முடிவில் மனந்திருந்திப் புத்தநெறி சேர்கின்றன. கியோட்டோவின் தைத்தோகு-ஜி வளாகத்தில் உள்ள ஷிஞ்ஜூ-அன் துறவுக்கூடத்துக்குரிய 16ஆம் நூற்றாண்டுச் சுருளொன்றில், கால்முளைத்த பொருள்கள் இரவில் ஊர்வலம் போகின்றன. வீணையை ஒத்த பிவா என்னும் இசைக்கருவி, யாழை ஒத்த கோத்தோ என்னும் மற்றொரு கருவியை இழுத்துக்கொண்டு நடக்கிறது. இங்கே பொருளின் கோபம் மனிதக் கோபமே. எனினும் அது பொருளின் வாழ்விலிருந்தே பிறக்கிறது: பயன்பட்டது, தேய்ந்தது, எறியப்பட்டது. உடைந்த ஊசிகளை மென்மையான சோயாக் கட்டியில் செருகி, உழைத்ததற்கு நன்றி சொல்லும் சடங்கு இன்றும் அந்நாட்டில் நடக்கிறது. ஆயுத பூசையன்று அரிவாள்மணைக்கும் தராசுக்கும் சந்தனம் வைக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவையில்லை.

6. நம் மேசைக்குத் திரும்பினால்

கவிஞர்களின் வட்டம் ஒன்று பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் மலரில் இக்கதைகளைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நாம் நாள்தோறும் செய்வது இதே வேலை. கூண்டுக்கிளி நம் கவிதைகளில் விடுதலை பேசியிருக்கிறது. காகம் பசி பேசியிருக்கிறது. கிழிந்த செருப்பு வறுமை பேசியிருக்கிறது. நாற்காலி அதிகாரம் பேசியிருக்கிறது. அவற்றில் எத்தனைக் கிளிகள் கிளியாக இருந்தன? எழுதியவர் ஒருமுறையேனும் கூண்டின் அருகே நின்று, அது கம்பியை அலகால் பற்றி ஏறுவதைப் பார்த்தாரா? இக்கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். என் பழைய கையேடுகளைப் புரட்டினால் பாட்டரின் பூனைக்குட்டிகளே மிகுதி. நான் சொல்ல விரும்பியதைச் சொல்லும் வரை நிமிர்ந்து நின்று, பிறகு எதற்கும் உதவாமல் போனவை.

ஏற்றிச் சொல்லாதீர்கள் என்பது என் கருத்தன்று. அப்படிச் சொன்னால் தொல்காப்பியர் திறந்துவைத்த வாயிலை அடைப்பதாகும். கவிதையால் எந்தப் பூனையும் சாவதில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் உயிரையோ பொருளையோ நம் வசதிக்கு நிறுத்தும்போது, அதை அதுவாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடமும் நம்மைப் படிப்பவரிடமும் சிறிது தேய்கிறது. ஆப்பிரிக்க யானைமேல் அம்பாரி வைத்தும் ஒருவரும் கேளாமல் போனது அப்படித்தான்.

ஆகவே கவிதையை முடித்த பின் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். நாம் ஏற்றிய பொருளை எடுத்துவிட்டால் அங்கே என்ன மிஞ்சுகிறது? இளங்கோவின் வரியில் காற்றில் அசையும் ஒரு கொடி மிஞ்சும். லான்ட்ஸீரின் ஓவியத்தில் தலைசாய்த்த ஒரு நாய் மிஞ்சும். கோஸான்-ஜி சுருளில் பாயும் ஒரு தவளை மிஞ்சும். நம் கவிதையில் ஏதேனும் மிஞ்சுமானால் அதை வெளியிடலாம். வெறும் பாவாடை மட்டும் மிஞ்சுமானால், மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம். அடுத்த பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் படிக்கப்படும் கவிதைகளுக்கு இச்சோதனை சிறிதேனும் உதவுமாயின் அதுவே எனக்கு நிறைவு.